கோடுக்குள் கிடக்கும் கடவுச்சொல்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி

கோடுக்குள், அதாவது புரோகிராமின் மூல நிரலுக்குள், ஒரு கடவுச்சொல் கிடப்பது கண்ணில் பட்டதும் பலருடைய கை தானாகப் போவது அந்த வரியை அழிக்கத்தான். அழித்து, கோடின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் என்ற கருவியில் 'பாஸ்வேர்டை நீக்கியாச்சு' என்று ஒரு கமிட் (மாற்றப் பதிவு) போட்டு, சர்வருக்குப் புஷ் செய்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். பிரச்சினை இம்மிகூட நகர்ந்திருக்காது. அந்தக் கடவுச்சொல் இன்னும் செல்லும். பழைய கமிட்டில் எழுத்து மாறாமல் இருக்கும். போதாக்குறைக்கு அந்த கமிட் செய்தியே, எங்கே தேடலாம் என்று வேறொருவருக்கு வழியும் காட்டும்.

அதனால் கீழே உங்களுக்குப் பொருந்துவது எந்த அறிகுறியாக இருந்தாலும் வேலையின் வரிசை ஒன்றுதான். முதலில் அந்தக் கடவுச்சொல்லைச் செல்லாததாக்குங்கள். அடுத்து அதை யார், எப்போது பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். கோடைச் சுத்தம் செய்வது கடைசி. மாற்றிச் செய்தால் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

கடவுச்சொல் என்று இங்கே சொல்வதில் ஏபிஐ சாவி, டோக்கன், எஸ்எஸ்எச் தனிச்சாவி, கையொப்பச் சாவி எல்லாமே அடக்கம். ஆடிட் அறிக்கையில் சிடபிள்யூஇ-798 என்று ஒரு எண்ணைப் பார்த்திருந்தால், அது இதைத்தான் குறிக்கிறது.

## அறிகுறி: கிளவுட் பில் எகிறுகிறது, அல்லது 'உங்கள் சாவி வெளியாகியிருக்கிறது' என்று மெயில் வருகிறது

மும்பையைத் தவிர வேறெங்கும் சர்வர் வைத்திராத உங்கள் அமேசான் கணக்கில், பிராங்பர்ட்டிலும் சாவோ பாவ்லோவிலும் பெரிய பெரிய மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் கிரிப்டோ நாணயம் தோண்டத்தான். கிட்ஹப் தளத்தின் பொது ரெப்போக்களை (கோடு கிடங்குகளை) சாவிக்காகவே துழாவும் பாட்கள் இரவு பகலாக ஓடுகின்றன. புஷ் செய்த சில நிமிடங்களில் சாவி வேறொருவர் கைக்குப் போய்விடும். 'தப்பா புஷ் ஆச்சு, உடனே எடுத்துட்டேன்' என்று டீமில் யாராவது சொன்னால், அதைப் 'போய்விட்டது' என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அமேசானின் நிரந்தரச் சாவிகளுடைய அடையாள எண் ஏ, கே, ஐ, ஏ என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கும். மெயிலில் வந்த எண்ணை, பயனர்களையும் உரிமைகளையும் நிர்வகிக்கும் ஐஏஎம் பக்கத்தில் தேடி, அது யாருடையது, கடைசியாக எந்தச் சேவைக்கு எப்போது பயன்பட்டது என்று பாருங்கள். ஒரு பயனருக்கு இரண்டு சாவிகள் வரை வைக்க முடியும். அந்த வசதியே மாற்றும் வேலைக்காகத்தான். இரண்டாவது சாவியை உருவாக்கி, ஆப்பில் போட்டு, பழையதை முடக்குங்கள். உடனே அழிக்க வேண்டாம். எதையாவது மறந்திருந்தால் முடக்கியதை மீண்டும் இயக்க முடியும், அழித்ததை முடியாது. ஆனால் திருட்டு நடந்துகொண்டிருக்கும்போது இந்த நிதானமெல்லாம் கூடாது. ஆப் அரை மணி நேரம் நின்றாலும் பரவாயில்லை என்று முதலில் முடக்கிவிட வேண்டும்.

சாவியை முடக்கியதோடு நிறுத்திக்கொள்வதுதான் இங்கே அதிகம் பார்க்கும் தவறு. உள்ளே வந்தவர் தனக்கென்று ஒரு புதுப் பயனரை உருவாக்கியிருக்கலாம், ஏற்கெனவே இருந்த பயனருக்கு இரண்டாவது சாவி எடுத்திருக்கலாம், ஒரு ரோலின் (உரிமைத் தொகுப்பின்) நம்பிக்கைப் பட்டியலில் வெளிக் கணக்கு ஒன்றைச் சேர்த்திருக்கலாம். பழைய சாவியைக் கொண்டு முன்பே எடுத்த தற்காலிகச் சாவிகள், மூலச் சாவி முடங்கிய பிறகும் தங்கள் காலக்கெடு முடியும்வரை உயிரோடு இருக்கலாம். அதனால் அந்தப் பயனருக்கு எல்லாவற்றையும் மறுக்கும் ஒரு பாலிசியைத் தற்காலிகமாகப் போட்டுவிடுவது நல்லது. கணக்கில் யார் என்ன செய்தார்கள் என்று குறித்துவைக்கும் கிளவுட்டிரெயில் பதிவை, நீங்கள் பயன்படுத்தாத ரீஜன்களையும் சேர்த்து, எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

பில் எகிறுவது ஒருவகையில் நல்ல அறிகுறி, சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கிறது. சத்தமே இல்லாத கசிவுதான் மோசம். காரை இணையத்தோடு இணைக்கும் டொயோட்டாவின் டி-கனெக்ட் சேவைக்கு வேலை செய்த துணை ஒப்பந்த நிறுவனம் கோடின் ஒரு பகுதியைக் கிட்ஹப்பில் பொதுவில் போட்டுவிட்டது. டேட்டா சர்வருக்கான சாவி அதற்குள் இருந்தது. 2017 டிசம்பரில் போட்டது 2022 செப்டம்பரில்தான் தெரிந்தது. 2,96,019 வாடிக்கையாளர்களின் மெயில் முகவரி வெளியாகியிருக்கலாம் என்று நிறுவனம் அறிவித்தது.

'எங்களுடையது பிரைவேட் ரெப்போதானே' என்பவர்களுக்கு ஊபர் கதை. 2016-இல் அதன் பொறியாளர்களின் தனிப்பட்ட ரெப்போவுக்குள் புகுந்தவர்கள் அங்கே கிடந்த அமேசான் சாவியை எடுத்து, 5.7 கோடிப் பயணிகள், ஓட்டுநர்களின் தகவல்களை அள்ளினார்கள். பிரைவேட் என்பது ஒரு பூட்டுதான், அந்தப் பூட்டுக்கும் ஒரு கடவுச்சொல் உண்டு.

இந்தியாவில் இயங்கும் நிறுவனமாக இருந்தால் இன்னொரு வேலையும் சேர்கிறது. 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி இத்தகைய சம்பவங்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். யார் தெரிவிப்பது என்பதை அன்றைக்கு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க முடியாது, முன்பே ஒருவர் பெயரை எழுதி வைத்துவிடுங்கள்.

## அறிகுறி: கோப்பிலிருந்து அழித்தாயிற்று, ஸ்கேனர் இன்னும் அதே கடவுச்சொல்லைக் காட்டுகிறது

கோடுக்குள் கடவுச்சொற்களைத் தேடும் கருவிதான் ஸ்கேனர், அது சரியாகத்தான் சொல்கிறது. கிட் எதையும் மறப்பதில்லை. கிட் லாக் கட்டளைக்குப் பெரிய எஸ் தேர்வையும் தேட வேண்டிய சொல்லையும் கொடுத்தால், அந்தச் சொல் எந்த கமிட்டில் நுழைந்தது, எதில் வெளியேறியது என்று இரண்டையும் காட்டும். ஆல் தேர்வைச் சேர்த்தால் எல்லாக் கிளைகளிலும் தேடும். தேடும்போது முழுக் கடவுச்சொல்லையும் டெர்மினலில் தட்டாதீர்கள், அது தட்டிய கட்டளைகளைச் சேமிக்கும் பாஷ் ஹிஸ்டரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நடுவிலிருந்து நாலைந்து எழுத்துகள் போதும்.

வரலாற்றை மாற்றி எழுத கிட் ஃபில்டர்-ரெப்போ இருக்கிறது, பிஎஃப்ஜியும் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: அந்தக் கடவுச்சொல் இப்போது செல்லாதது என்றால் வரலாற்றை எதற்கு மாற்ற வேண்டும்? மாற்றினால் கமிட் எண்கள் எல்லாம் மாறும், டீமில் எல்லோரும் புதிதாக குளோன் (தங்கள் மெஷினில் நகல்) எடுக்க வேண்டும், பழைய குளோன் வைத்திருக்கும் ஒருவர் அறியாமல் புஷ் செய்தால் போனதெல்லாம் திரும்பி வந்துவிடும். யாராவது ஃபோர்க் (தங்கள் கணக்கில் தனி நகல்) எடுத்திருந்தால் அதில் அப்படியே இருக்கும். கிட்ஹப்பில் கமிட் எண் தெரிந்தவர்கள் அதை நேரடியாகத் திறந்து பார்க்கவும் முடியும், முழுதாக அகற்ற அவர்களுடைய சப்போர்ட்டுக்கு எழுத வேண்டும். என்னைக் கேட்டால், மாற்ற முடிந்த கடவுச்சொல்லை மாற்றிவிட்டு வரலாற்றை அப்படியே விட்டுவிடலாம். வாடிக்கையாளர் தகவல், மாற்றவே முடியாத சாவி போன்றவை உள்ளே போயிருந்தால் மட்டும் இந்த அறுவை சிகிச்சைக்கு இறங்குங்கள்.

## அறிகுறி: கடவுச்சொல்லை மாற்றினால் எல்லாம் நின்றுபோகிறது

இதுதான் உண்மையான நோய். மற்ற அறிகுறிகள் எல்லாம் இதன் பக்க விளைவுகள்.

இதன் உச்சத்தை உலகம் பார்த்தது 2010-இல். ஸ்டக்ஸ்நெட் புழு சீமென்ஸின் வின்சிசி என்ற தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்குள் புக ஒரு வழியாக, அதன் டேட்டாபேஸுக்குக் கோடிலேயே எழுதப்பட்டிருந்த கடவுச்சொல்லைப் பயன்படுத்தியது. அந்தக் கடவுச்சொல் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இணையத்தில் வெளியாகியிருந்தது. சரி, மாற்றிவிட வேண்டியதுதானே? மாற்றாதீர்கள் என்று சீமென்ஸே வாடிக்கையாளர்களிடம் சொன்னது. மாற்றினால் மென்பொருளின் பாகங்கள் ஒன்றோடொன்று பேச முடியாமல் ஆலையின் இயக்கமே பாதிக்கப்படலாம். ஊருக்கே தெரிந்த கடவுச்சொல்லை மாற்ற முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது அந்த நிலை.

நம் ஊர் அளவில் இதே நிலை எப்படி இருக்கும் என்றால், ஒரு கடை பில்லிங் மென்பொருள். எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில் எல்லா உரிமையும் உள்ள எஸ்ஏ பயனர், அதற்கு நிறுவனத்தின் பெயர், ஒரு அட் குறி, 123. இது கான்ஃபிக் கோப்பில் இல்லை, கனெக்ஷன் ஸ்டிரிங்காகக் கோடுக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் ஒரு ஃபைலில் இல்லை. மெயின் புரோகிராமில் ஒரு முறை, ரிப்போர்ட் அச்சடிக்கும் பகுதியில் ஒரு முறை, இரவில் பேக்கப் எடுக்கும் பேட்ச் ஃபைலில் ஒரு முறை, எப்போதோ வேலையை விட்டுப் போனவர் எழுதிவைத்த ஸ்டாக் கணக்குக் கருவியில் ஒரு முறை. எல்லாக் கடைகளிலும் அதே கடவுச்சொல். ஒரு கடையில் இஎக்ஸ்இ கோப்பை, உள்ளே இருக்கும் எழுத்துத் தொடர்களைக் காட்டும் ஸ்டிரிங்ஸ் கருவியில் போட்டுப் பார்த்த ஒருவருக்கு அத்தனை கடைகளும் திறந்துகிடக்கும்.

இதிலிருந்து வெளியே வர, மாற்றுவதற்கு முன் யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்ற பட்டியல் வேண்டும். கோடில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதியை டேட்டாபேஸிடமே கேட்க வேண்டும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் நடப்பு இணைப்புகளைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற பட்டியலில் பயனர் பெயர், எந்த ஐபியிலிருந்து வருகிறது, எந்த அப்ளிகேஷன் என்று எல்லாம் இருக்கும். ஆனால் அது இந்த நொடியின் படம் மட்டும். லாக்_கனெக்ஷன்ஸ் என்ற அமைப்பை இயக்கி, வரும் ஒவ்வொரு இணைப்பையும் பதிவு செய்ய விடுங்கள். எவ்வளவு நாள்? குறைந்தது ஒரு மாதக் கடைசி கடக்கும்வரை. சம்பள ரிப்போர்ட்டும் ஜிஎஸ்டி ஏற்றுமதியும் அப்போதுதான் தலைகாட்டும்.

பட்டியல் கையில் வந்த பிறகு ஒவ்வொரு சேவைக்கும் தனிப் பயனர் கொடுங்கள். பேக்கப்புக்குப் படிக்க மட்டும் உரிமை, ரிப்போர்ட்டுக்கும் அப்படியே, மெயின் ஆப்புக்குத் தன் அட்டவணைகளில் மட்டும் எழுத உரிமை. எஸ்ஏவுக்கோ ரூட்டுக்கோ எந்த ஆப்பும் போகக் கூடாது. ஒவ்வொன்றாக நகர்த்த நகர்த்தப் பதிவில் பழைய பயனரின் பெயர் குறைந்துகொண்டே வரும். ஒரு மாதம் அந்தப் பெயரே வரவில்லை என்றால் முடக்கலாம். இப்போதும் அழிக்க வேண்டாம், முடக்கி வையுங்கள். யாராவது அலறிக்கொண்டு போன் செய்தால் பட்டியலில் விட்டுப்போனது அதுதான்.

சேவையை நிறுத்தாமல் கடவுச்சொல்லை மாற்ற மைஎஸ்க்யூஎல்லில் அருமையான வசதி ஒன்று உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. 8.0.14 பதிப்பிலிருந்து ஒரே பயனருக்கு இரண்டு கடவுச்சொற்கள் ஒரே நேரத்தில் செல்லும். ஆல்டர் யூசர் கட்டளையில் புதுக் கடவுச்சொல்லோடு ரிட்டெய்ன் கரன்ட் பாஸ்வேர்ட் என்று சேர்த்தால் பழையதும் செல்லும், புதியதும் செல்லும். எல்லா சர்வரிலும் புதியதைப் போட்டு முடித்ததும் டிஸ்கார்ட் ஓல்ட் பாஸ்வேர்ட் என்று கொடுத்துப் பழையதைத் தூக்கிவிடலாம். போஸ்ட்கிரஸில் இது இல்லை. அங்கே அட்டவணைகளை ஒரு பொது ரோலுக்குச் சொந்தமாக்கி, அதில் உறுப்பினராக இரண்டு லாகின் பயனர்களை வைத்து, ஒருவர் வேலை செய்யும்போது மற்றவரின் கடவுச்சொல்லை மாற்றுவது என்று மாறி மாறிப் போகலாம்.

பில்லிங் மென்பொருள் போல வாடிக்கையாளர் இடத்தில் நிறுவுவதாக இருந்தால், நிறுவும் நேரத்தில் அந்த மெஷினிலேயே ஒரு தற்செயல் கடவுச்சொல்லை உருவாக்கி, விண்டோஸின் டிபிஏபிஐ வசதியால் குறியாக்கி வைக்க வேண்டும். ஒரு கடையில் போனது அந்தக் கடையோடு நிற்கும்.

## அறிகுறி: கேமரா, டிவிஆர், ரூட்டரில் கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் வெளியாள் நுழைகிறார்

வெப் பக்கத்தில் நீங்கள் மாற்றியது வெப் பக்கத்தின் கடவுச்சொல்லை மட்டும். கருவிக்குள் ஓடும் லினக்ஸுக்கு ஒரு ரூட் கடவுச்சொல் தனியாக இருக்கும், ஃபர்ம்வேரில் எழுதி வைத்தது, தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் டெல்நெட் வழியாக அதில் நுழையலாம். 2016-இல் மிராய் என்ற தீநிரல் இப்படித்தான் பரவியது. அதன் கோடில் இருந்தது 60-க்கும் மேற்பட்ட பயனர்-கடவுச்சொல் ஜோடிகள், அவ்வளவுதான். ரூட்டும் எக்ஸ்சி3511-உம் அதில் ஒரு ஜோடி. ஒரு சீன நிறுவனத்தின் போர்டைக் கொண்டு பல பிராண்டுகளில் விற்ற டிவிஆர்களுக்கெல்லாம் அது பொருந்தியது. உரிமையாளர் வெப் பக்கத்தில் எதை மாற்றினாலும் இது மாறவில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 21-இல் டைன் என்ற டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக்கும் சேவை) நிறுவனத்தின் மீது அந்தக் கருவிகள் கூட்டமாகப் பாய்ந்தபோது டுவிட்டரும் நெட்பிளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை.

கருவியை அணைத்துப் போட்டால் மிராய் போய்விடும், அது மெமரியில் மட்டும் வாழ்வது. ஆனால் கதவு திறந்தே இருப்பதால் மறுபடி வந்து ஒட்டிக்கொள்ள நிமிடங்கள் போதும். எனவே முதலில் இணையத்திலிருந்து துண்டியுங்கள், பிறகு ரீஸ்டார்ட். ரூட்டரில், உள்ளே உள்ள கருவிகள் தாமாகவே வெளிக் கதவைத் திறக்க விடும் யுபிஎன்பியை அணைத்து, போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத வரிகளை நீக்குங்கள். வெளியே வேறொரு இணைப்பிலிருந்து, மொபைல் டேட்டாவே போதும், உங்கள் ஐபியின் 22, 23, 2323 போர்ட்கள் திறந்திருக்கின்றனவா என்று போர்ட்களைச் சோதிக்கும் என்மேப்பில் பாருங்கள். அதன்பின் ஃபர்ம்வேர் அப்டேட். அப்டேட்டே வராத கருவி என்றால் கேமராக்களுக்குத் தனி விலேன் (பிரிக்கப்பட்ட உள் நெட்வொர்க்) ஒதுக்கி, இணையத்துக்குப் போகவே விடாமல், வெளியிலிருந்து பார்க்க விபிஎன் வையுங்கள்.

விலை உயர்ந்த கருவி என்பதால் தப்பிவிட முடியாது. 2020 கடைசியில் சைசெல் நிறுவனத்தின் ஃபயர்வால்களில் அட்மின் உரிமையோடு ஒரு மறைவான கணக்கு கண்டுபிடிக்கப்பட்டது. ஆக்சஸ் பாயின்ட்களுக்கு எஃப்டிபி வழியாகத் தானாக அப்டேட் அனுப்ப வைத்ததாம். பயனர் பட்டியலில் அது தெரியாது, கடவுச்சொல்லை மாற்றவும் முடியாது. 4.60 ஃபர்ம்வேருக்கு வந்த முதல் பேட்ச்சைப் போடுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

புதிதாக வாங்குகிறவர்கள் ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கடவுச்சொல் வருகிறதா, அல்லது முதலில் உங்களையே ஒன்றை வைக்கச் சொல்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கலிபோர்னியாவில் 2020 ஜனவரியிலிருந்தும், பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29-இலிருந்தும் இது சட்டம்.

## அறிகுறி: பயனர் பட்டியலில் யாரும் உருவாக்காத ஒரு கணக்கு இருக்கிறது

திருடன் வைத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் நிறுவிய பிளகின் வைத்ததாகவும் இருக்கலாம், விளைவு ஒன்றுதான். 2022 ஜூலையில் அட்லாசியனின் கான்ஃப்ளூயன்ஸ் ஆவணத் தளத்துக்கான கொஸ்டின்ஸ் ஃபார் கான்ஃப்ளூயன்ஸ் என்ற துணை ஆப் இப்படிச் செய்தது தெரியவந்தது. கிளவுட்டுக்கு மாறுகிறவர்களுக்கு உதவ என்று டிஸேபிள்டுசிஸ்டம்யூசர் என்ற பெயரில் ஒரு கணக்கை உருவாக்கியது. பெயரில்தான் டிஸேபிள்டு, கணக்கு உயிரோடு இருந்தது, கடவுச்சொல் எல்லா நிறுவல்களிலும் ஒன்றே. அறிவிப்பு வந்த சூட்டிலேயே அது இணையத்தில் ஊர்சுற்ற ஆரம்பித்துவிட்டது.

இதில் பலர் மாட்டிக்கொண்ட இடம், ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் கணக்கும் போய்விடும் என்று நினைத்தது. போகாது. அதனால் தெரியாத கணக்கைப் பார்த்தால் முதலில் அதை முடக்குங்கள், பிறகு உருவான தேதியை எடுத்து, அந்த நாளில் என்ன நிறுவப்பட்டது என்று ஒப்பிடுங்கள். கடைசியாக எப்போது லாகின் ஆனது என்று பாருங்கள். ஒருபோதும் லாகின் ஆகவில்லை என்றால் மூச்சு விடலாம். ஆகியிருந்தால் அது பிழைதிருத்தம் இல்லை, ஊடுருவல் விசாரணை.

## அறிகுறி: யாரோ ஒருவர் உங்கள் ஆப்பின் சாவியை உங்களுக்கே மெயிலில் அனுப்புகிறார்

முதலில் நன்றி சொல்லிப் பதில் எழுதுங்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் ஆட்களும் இருக்கிறார்கள்; அடுத்த முறை அவர் உங்களிடம் சொல்லமாட்டார், அவ்வளவுதான் பலன்.

ஆண்ட்ராய்டு ஆப்பின் ஏபிகே கோப்பை ஜேடெக்ஸ் என்ற கருவியில் திறந்தால் கோடு கிட்டத்தட்ட ஜாவாவாகவே திரும்ப வந்துவிடும். கோடைப் படிக்கக் கடினமாக்கும் புரோகார்ட் கருவி மாறிகளின் பெயரைத்தான் சுருக்குகிறது, மேற்கோளுக்குள் இருக்கும் சரங்களை அப்படியே விட்டுவிடுகிறது. பேஸ்64-இல் போட்டு வைப்பது, இரண்டு துண்டாக உடைத்துச் சேர்ப்பது, சி மொழி லைப்ரரிக்குள் தள்ளுவது எல்லாம் தேடுகிறவருக்கு ஐந்தோ பத்தோ நிமிடம் கூடுதல் வேலை. பிரவுசர் ஆப்பிலும் இதே கதைதான். ரியாக்டில் ரியாக்ட்_ஆப் என்ற முன்னொட்டோடு வைக்கும் சூழல் மாறிகள் பில்ட் நேரத்தில் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள் எழுதப்பட்டு, பார்க்க வரும் ஒவ்வொருவருக்கும் இறங்குகின்றன. சூழல் மாறியில்தானே வைத்தேன் என்ற சமாதானம் இங்கே செல்லாது.

எந்தச் சாவி வெளியே தெரியலாம், எது தெரியவே கூடாது என்று பிரிக்க வேண்டும். கூகுள் மேப்ஸ் சாவி ஆப்பில் இருந்தே ஆக வேண்டியது. ஆனால் உங்கள் பேக்கேஜ் பெயருக்கும் கையொப்பத்துக்கும் மட்டும் செல்லும்படி கன்சோலில் கட்டுப்படுத்தலாம், பலர் செய்வதில்லை. ரேசர்பேயில் கீ ஐடி வெளியே போகலாம், கீ சீக்ரெட் சர்வரை விட்டு நகரக் கூடாது. ஓடிபி அனுப்பும் எஸ்எம்எஸ் சேவையின் சாவியை ஆப்பிலேயே வைப்பதுதான் நம்மூர் ஆப்களின் செல்லப் பழக்கம். எடுத்தவர் உங்கள் பெயரில், உங்கள் காசில் எஸ்எம்எஸ் அனுப்புவார். அதைச் சர்வருக்கு மாற்றி, ஆப் சர்வரிடம் கேட்க, சர்வர் அனுப்பட்டும். பழைய ஆப் பதிப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓடிபி வராமல் போகுமே என்றால், கட்டாய அப்டேட்டை அறிவித்து, சாவியை முடக்கும் நாளைக் குறித்துவிடுங்கள். நாள் குறிக்காத வேலை நடக்காது.

## அறிகுறி: டாக்கர் இமேஜில் கோப்பை நீக்கியும் கடவுச்சொல் கிடைக்கிறது

டாக்கர் இமேஜ் என்பது ஆப்பையும் அதற்குத் தேவையானதையும் ஒன்றாகக் கட்டிய பொதி, அடுக்கடுக்காகக் கட்டப்படுவது. ஓர் அடுக்கில் காப்பி செய்து அடுத்த அடுக்கில் ஆர்எம் (அழிப்புக் கட்டளை) போட்டால், மேலே ஒரு திரை விழுகிறது, கீழே கோப்பு அப்படியே இருக்கிறது. பில்ட் ஆர்க்யுமென்டில் கொடுத்தது டாக்கர் ஹிஸ்டரி கட்டளையிலேயே தெரியும். பில்ட்கிட்டின் சீக்ரெட் மவுண்ட் வசதியைப் பயன்படுத்துங்கள், அது எந்த அடுக்கிலும் பதியாது. ஏற்கெனவே ஹப்பில் ஏற்றிய இமேஜ்களுக்கு முன்பு சொன்னதுதான்: கடவுச்சொல்லை மாற்று.

## அறிகுறி: ஒருவர் வேறொருவராக லாகின் ஆகியிருக்கிறார், கடவுச்சொல் எதுவும் திருடுபோகவில்லை

கையொப்பச் சாவியைப் பாருங்கள். லாகின் ஆனவர் யார் என்று காட்டும் ஜேடபிள்யூடி டோக்கனுக்குக் கையொப்பமிடும் சாவி கோடில் 'சீக்ரெட்' என்றோ 'சேஞ்ச்மீ' என்றோ இருந்தால், யார் வேண்டுமானாலும் யாராக வேண்டுமானாலும் டோக்கன் தயாரித்துக்கொள்ளலாம். லாகின் பதிவில் எதுவும் வராது, ஏனென்றால் லாகினே நடக்கவில்லை. லாகின் பதிவு இல்லாத பயனரிடமிருந்து கோரிக்கைகள் வருவதுதான் தடயம்.

டியூட்டோரியலிலிருந்து எடுத்து ஒட்டிய சாவி இன்னும் ஆபத்து. 2025 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட், பொதுவில் கிடக்கும் 3,000-க்கும் மேற்பட்ட ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஆப்களுக்கான மெஷின் சாவிகளைக் கண்டதாக எச்சரித்தது. உதாரணமாகப் போட்டிருந்ததை அப்படியே எடுத்துப் புரொடக்ஷனில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சாவி கிடைத்தால் லாகின் மட்டும் இல்லை, சர்வரிலேயே கோடு ஓட்டலாம். பைதானின் ஜாங்கோ வெப் கட்டமைப்பில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். 3.2 முதல், புது புராஜெக்டுக்குத் தானாக உருவாகும் சாவி 'ஜாங்கோ-இன்செக்யூர்' என்று தொடங்கும். புரொடக்ஷன் சர்வரில் அது தெரிந்தால் யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

சாவியை மாற்றினால் எல்லோரும் லாகவுட் ஆகிவிடுவார்கள் என்று தயங்குகிறார்கள். சாவி வெளியாகியிருந்தால் அதுதான் நடக்க வேண்டும். வெளியாகவில்லை, முன்னெச்சரிக்கைக்காக மாற்றுகிறோம் என்றால் மட்டும் ஜாங்கோ 4.1-இல் வந்த சீக்ரெட்_கீ_ஃபால்பேக்ஸ் அமைப்பில் பழையதைச் சில நாள் வைத்திருக்கலாம்.

## அறிகுறி: எல்லாவற்றையும் என்வ் கோப்புக்கு மாற்றியாயிற்று, அப்புறமும் கசிகிறது

கடவுச்சொல் போன்றவற்றைக் கோடுக்கு வெளியே சூழல் மாறிகளாக வைக்கும் கோப்புதான் என்வ். பிரவுசரில் உங்கள் தளத்தின் முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடு, ஒரு புள்ளி, என்வ் என்று தட்டிப் பாருங்கள். கோப்பு இறங்கினால் காரணம் அதுதான். லாராவெல் என்ற பிஹெச்பி கட்டமைப்பில் வெப் சர்வரின் ரூட் பப்ளிக் என்ற உள் ஃபோல்டராக இருக்க வேண்டும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் அவசரத்துக்கு முழு புராஜெக்டையும் வெளி ஃபோல்டரில் கொட்டினால் இப்படி ஆகும். டீபக் மோடு ஆன் ஆகவே இருந்தால் பிழைப் பக்கமே சூழல் மாறிகளை வெளியிடக்கூடும். கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளின் பட்டியலான கிட்இக்னோரில் சேர்ப்பதற்கு முன்பே ஒருமுறை கமிட் ஆகியிருந்தால், சேர்த்தாலும் கிட் அதைத் தொடர்ந்து கண்காணிக்கும்.

## அறிகுறி: வால்ட் வாங்கியாயிற்று, ஆனால் வால்ட்டின் கடவுச்சொல் எங்கே வைப்பது?

வால்ட் என்பது எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே இடத்தில் பூட்டி வைக்கும் மென்பொருள். 2022 செப்டம்பரில் ஊபர் மறுபடி உடைக்கப்பட்டபோது, தாக்கியவர் சொன்னதாக வெளியான தகவல், நெட்வொர்க் பகிர்வில் ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட் கிடந்தது, அதற்குள் கடவுச்சொற்களை நிர்வகிக்கும் அமைப்பின் அட்மின் கடவுச்சொல்லே எழுதியிருந்தது என்பது. எல்லாச் சாவிகளையும் ஒரே பெட்டியில் வைத்துவிட்டு, பெட்டியின் சாவியை ஸ்கிரிப்டில் ஹார்டுகோட் செய்தால் இதுதான் நடக்கும்.

விடை, கடைசிச் சாவியை எங்கே வைப்பது என்று தேடுவதில் இல்லை, அது இல்லாமலேயே செய்வதில் இருக்கிறது. அமேசான் மெஷினில் ஓடும் ஆப்புக்கு ஐஏஎம் ரோல் கொடுத்தால் தற்காலிகச் சாவி தானாக வந்து தானாக மாறிக்கொள்ளும். கிட்ஹப்பின் தானியங்கி வேலை அமைப்பான ஆக்ஷன்ஸிலிருந்து டிப்ளாய் செய்ய, ஒவ்வொரு முறையும் அடையாளத்தை நிரூபித்துத் தற்காலிகச் சாவி வாங்கும் ஓஐடிசி இருக்கிறது. அங்கேயும் நிரந்தரச் சாவி தேவையில்லை. ஆனால் ரோலின் நம்பிக்கைப் பட்டியலில் எந்த ரெப்போ, எந்தக் கிளை என்று குறுக்கி எழுதுங்கள். நட்சத்திரக் குறி போட்டுவிட்டால் வேறு யாருடைய ரெப்போவிலிருந்தும் வரலாம். சொந்த சர்வர் அறை வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி அவ்வளவு எளிதாகக் கிடைக்காது. அவர்கள் அந்த ஒரு சாவியை, ஆப்பின் பயனர் மட்டும் படிக்கக்கூடிய கோப்பில், பேக்கப்பில் சேராதபடி வைப்பதே நடைமுறை.

## அறிகுறி: ஸ்கேனர் நூற்றுக்கணக்கில் காட்டுகிறது, எதைத் தொடுவது என்று தெரியவில்லை

கிட்லீக்ஸ், டிரஃபிள்ஹாக் போன்ற ஸ்கேனரை முதல்முறை ஓட்டினால் இப்படித்தான் வரும். பாதி டெஸ்ட் கோப்புகளில் இருக்கும் பொம்மைக் கடவுச்சொற்கள். டிரஃபிள்ஹாக் சில வகைச் சாவிகளைச் சம்பந்தப்பட்ட சேவையிடம் கேட்டு, இன்னும் செல்லுமா என்று சரிபார்த்துச் சொல்லும். 'செல்லும்' என்று வந்தவற்றை அன்றைக்கே கவனியுங்கள். அதன் பிறகு புரொடக்ஷன் டேட்டாபேஸ், கட்டணச் சேவை, மெயில் சேவை என்ற வரிசையில் போங்கள். பொம்மைகளை விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்கும்போது பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள், ஆறு மாதம் கழித்து வருகிறவர் உண்மையான சாவியையும் அதே பட்டியலில் தள்ளாமல் இருப்பார்.

ஸ்கேனர் தேடுவது வடிவங்களை. 2015 டிசம்பரில் ஜூனிப்பர் ஃபயர்வால்களில் ஓடும் ஸ்கிரீன்ஓஎஸ்ஸில் யாரோ நுழைத்து வைத்திருந்த கள்ளக் கடவுச்சொல், சதவீதக் குறிகளும் அடைப்புகளுமாக, டீபக் செய்தி அச்சிடும் வரி மாதிரியே இருந்தது. கோடைப் படிக்கிறவர் கண்ணும் அதைத் தாண்டிப் போகும், கருவியும் தாண்டிப் போகும். அதனால் கடவுச்சொல்லை ஒப்பிடும் செயற்கூறுகளை மட்டும் தனியாக எடுத்து, எதோடு ஒப்பிடுகிறது என்று ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டும். பெரிய புராஜெக்டிலும் அப்படிப்பட்ட இடங்கள் மிகச் சிலவே இருக்கும்.

புதிதாக உள்ளே வருவதைத் தடுக்க, கமிட் ஆகும் முன் தானாக ஓடும் ப்ரீ-கமிட் ஹுக்கில் கிட்லீக்ஸைப் போடுங்கள். அதை ஒருவர் நோ-வெரிஃபை கொடுத்துத் தாண்டிவிட முடியும் என்பதால் புஷ் ஆனதும் தானாகச் சோதிக்கும் சிஐயிலும் அதையே ஓட்டுங்கள். கிட்ஹப்பின் பொது ரெப்போக்களுக்குப் புஷ் தடுப்பு 2024 முதல் தானாகவே இயங்குகிறது. பிரைவேட் ரெப்போக்களுக்கு உங்கள் திட்டத்தில் அது அடங்குமா என்று செட்டிங்ஸில் போய்ப் பார்த்து இயக்க வேண்டும்.